சிவத்த கோழிக்குப் போன குளிசை

உங்களோடு கதைக்கமாட்டேன் என்று நேற்றுச் சொன்னது சொன்னதுதான். அதனால் எழுதுகிறேன்.

உங்கள் மருந்துக் குளிசை முடியப்போகிறது. ஆமி பாதையைப் பூட்டுமுன் மட்டக்களப்புக்குப் போய் வாங்கி வருகிறேன். சோறும் பீர்க்கங்காய்க் கறியும் மூடி வைத்திருக்கிறேன். உங்களுக்குத் தயிர் கூடாது; சட்டி அன்னப்பூரணி மச்சாள் வீட்டில். தேடவேண்டாம்.

வெள்ளைக் குளிசையைச் சோற்றுக்கு நடுவில் சப்பித் தின்னுங்கள். இரத்தம் சுத்தம் செய்யப் போன இடத்தில் டொக்டர் சொன்னது உங்களுக்கும் கேட்டதுதானே. சிறுநீரகம் பழுதானதால் கழுத்துக்குள் இருக்கிற நாலு சுரப்பியும் அளவு மிஞ்சி வேலை செய்து எலும்பைக் கரைக்கிறதாம்; அதற்குத்தான் இந்தச் சுண்ணாம்புச்சத்துக் குளிசையாம். அதற்கு நீங்கள், "சுண்ணாம்பு தின்ன நான் என்ன சுவரா?" என்றீர்கள்.

நேற்று முட்டையைச் சட்டி விளிம்பில் மூன்று தரம் தட்டினேன். உடையவில்லை. பிறகுதான் நீங்கள் இருந்து சாப்பிடுகிற வாங்குக்கடியில் சிவத்த கோழி கொத்திக்கொண்டிருந்த குளிசையைக் கண்டேன். டொக்டர் மருந்துத் துண்டில் எழுதியது உங்கள் பெயரை, அதன் பெயரை இல்லை.

போன முறை சென்றியில் மறித்த ஆமிக்காரன் குளிசை எதற்கென்று கேட்டான். பாசை தெரியாமல் என் கழுத்தைத் தொட்டுக் காட்டினேன். கழுத்தில் சயனைட் குப்பி என்று நினைத்தானாக்கும், அவன் துவக்கை நிமிர்த்திவிட்டான். இவ்வளவும் ஒரு கோழிக்காகவா?

வெளியே போனால் கதவைப் பூட்டித் திறப்பை உரலுக்குள் வையுங்கள்.

புஸ்பம்

பி.கு.: சாப்பாட்டு நேரத்துக்குக் கோழி வந்து உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கும். இரக்கப்படவேண்டாம்.

இன்னும் ஒன்று. அதன் எலும்பு பலமாகி என்ன, என்றைக்கோ ஒருநாள் குழம்புதான். நான் ஆயுள் முழுக்கச் சண்டை பிடிக்கவேண்டியது உங்களோடு.