வெறுங்காலும் வால்யூம் பெடலும்

ஞாயிறு இரவு, டிக்கோயா.

எங்கள் தேவாலயத்தில் பாடகர் குழு வெறுங்காலோடுதான் உட்கார வேண்டும். நானோ ஸ்டீல் கிட்டாரின் வால்யூம் பெடலை வீட்டில் சப்பாத்துக் காலோடு பழகியவன். கம்பியை மீட்டும்போது பெடல் பாதிதான் இறங்கியிருக்க வேண்டும். ஓசை தேயத் தேய மெதுவாக அழுத்தினால் சுரம் நீளும். இன்றைய பூசையில் குளிரில் கால் மரத்துப்போய், பாதி எது முழுது எது என்று தெரியாமல் முழுதாகவே மிதித்துவிட்டேன். குழுத் தலைவி ஸ்டெல்லா அக்காவின் தனிப்பாடல் முழுவதும் கிட்டார் மட்டுமே கேட்டது.

பூசை முடிந்ததும் அவரே வந்தார்.

“பாட்டு நல்லா இருந்துச்சாம் தம்பி. யாரு பாடுனதுன்னுதான் கேக்குறாங்க.”

“கால் மரத்துப் போச்சுங்க அக்கா. சொக்ஸ் போட்டுக்கவா?”

“பீடத்துக்கு முன்னாலயா? ஃபாதர்கிட்ட கேளுங்க. முடியாதுன்னா நத்தார் பூசைக்கு கீபோர்டே போதும்.”

கேட்டதும் ஃபாதர் குனிந்து என் இரண்டு கால்களையும் பார்த்தார். “மிதிக்கிற காலுக்கு மட்டும்” என்றார்.

ஆகவே கிறிஸ்து பிறப்பு விழாவான நத்தாருக்கு நான் வாசிக்கிறேன். சற்றுமுன் ஒற்றைக் காலுறையோடு பெடலை மிதித்துப் பார்த்தேன். பாதி எங்கே என்று வலது கால் கண்டுபிடித்துவிட்டது. இடது கால் சிமெந்துத் தரையில் பக்தியோடு விறைத்துக்கொண்டிருக்கிறது.