மாமியார் வீட்டு வாசலில் ஜீப்

மார்ச் 3, செவ்வாய்
காலையிலேயே வெயில். ஹைதராபாத்திலிருந்து குடும்பக் கட்டுப்பாடு கேம்ப்புக்குப் பணம் வந்துவிட்டது. மருந்து, ஜீப் டீசல், ஆபரேஷன் செய்துகொள்பவர்களுக்குக் கூலி நஷ்ட ஈடு. 12ஆம் தேதி சத்தியவேட்டில். ஆண்களுக்கென்றும் ஒதுக்கீடு உண்டு, வருடா வருடம் தொடாமல் திரும்பிப் போகும். நான் நர்ஸாக வந்ததிலிருந்து என் ஊர்களில் ஒரு ஆண்கூட வந்ததில்லை. "மகவாள்ளா? எவரொஸ்தாரம்மா?" என்று தெலுங்குக்கார கிளார்க் சிரிக்கிறார். ஆம்பளை எவனும் வரமாட்டானாம். பார்க்கலாமே.
வாங்க வேண்டியது: மண்ணெண்ணெய், பாப்பாவுக்கு ஜாமெட்ரி பாக்ஸ்.

மார்ச் 5, வியாழன்
முனியம்மா வீடு. மூன்று பிள்ளைகள், இதயத்தில் கோளாறு. திருப்பதி டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார்: ஆபரேஷன் தாங்காது, இன்னொரு பிரசவம் என்றால் உயிருக்கே ஆபத்து. காப்பர்-டி ஒத்துக்கொள்ளாமல் எடுத்தாயிற்று. மிச்சம் அவள் புருஷன் ஏழுமலைதான். கும்மிடிப்பூண்டியில் புதுக் கம்பெனி கட்டுகிற இடத்தில் சிமெண்ட் மூட்டை தூக்குகிறான். ஞாயிறு மட்டும் ஊரில்.
அவன் அம்மா என்னைக் கண்டதும் பொரிந்து தள்ளினாள்.
"மூட்ட தூக்கற புள்ளம்மா! கத்தி பட்டா அப்பறம் எத்த தூக்குவான்? எல்லா ஊட்லயும் பொம்பளைங்கதான பண்ணிக்கினு வராங்க?"
"பொம்பள பூட்டா அந்த மூணு புள்ளைங்கள யாரு தூக்குவா? நீயா?"
கேட்டுவிட்டேன். வாய் எனக்குக் கொஞ்சம் நீளம்தான்.

மார்ச் 8, ஞாயிறு
டீக்கடையில் ஏழுமலையைப் பிடித்தேன். தையல் கிடையாது, சின்னத் துளைதான். கொஞ்ச நாள் மூட்டை வேண்டாம், மூன்று மாதம் ஆணுறை போடணும், பிறகு டெஸ்ட். எல்லாம் சொன்னேன். குனிந்தே கேட்டான்.
"அவளுக்கு ஒண்ணும் ஆவாதுல்லக்கா?"
அவ்வளவுதான் கேட்டான். வருகிறேன் என்றும் சொல்லவில்லை. பஸ் ஏறிவிட்டான். மாலையெல்லாம் எரிச்சல். சாம்பாரில் உப்பு இரண்டு தடவை.

மார்ச் 12, வியாழன்
வந்தான்! வேலையை விட்டுவிட்டு, கும்மிடிப்பூண்டியிலிருந்து முதல் பஸ்ஸில். பெண்கள் வரிசையில் கடைசியாக நின்றான், பக்கத்தில் முனியம்மா.
"இன்னா மாமா, வழி தப்பி வந்துட்டியா?" என்று ஒருத்தி.
"கரீட்டாத்தான் வந்துகீறேன்."
கிளார்க் முகத்தைப் பார்க்கணுமே! எனக்குத் தலை கால் புரியவில்லை. சாயங்காலம் இருவரையும் ஜீப்பில் அனுப்பிவிட்டு மற்றவர்களைக் கவனித்தேன்.

மார்ச் 14, சனி
காயம் பார்க்க ஏழுமலை வீட்டுக்குப் போனால் ஆள் இல்லை.
"இங்க எங்க வந்தான்? ஜீப்பு நேரா சம்பந்தி ஊட்டுக்குப் பூட்சி!" அவன் அம்மாவுக்கு முகம் கடுகடு.
விஷயம் இதுதான். ஆபரேஷன் ஆனவளை அம்மா வீட்டில் விடுவது இங்கே வழக்கம். டிரைவர் பழக்கதோஷத்தில் "உங்கம்மா ஊடு எங்கம்மா?" என்று கேட்க, முனியம்மாவும் கை காட்டியிருக்கிறாள். படுத்திருந்தவன் வாயே திறக்கவில்லையாம்.
அங்கே போனேன். கயிற்றுக் கட்டிலில் மாப்பிள்ளை. கருவாடு, பூண்டுக் குழம்பு. பிள்ளை பெற்றவளுக்கு வைக்கிற பக்குவம்.
"துன்னுங்க மாப்ள. எம் பொண்ணு படவேண்டியத நீங்க பட்டுக்கினு கீறீங்க," என்று மாமியார் கண்ணைத் துடைத்தாள். காயம் சுத்தம், வீக்கம் இல்லை. உறை கொடுத்தேன். மறுபடி சொன்னேன்.

மார்ச் 31, செவ்வாய்
புழுக்கம். ஆபீஸில் கணக்கு முடிப்பு. ஆண்கள் பணம் இந்த வருடம் முழுசாகத் திரும்பவில்லை. என் ஊர் ஆளால்! கிளார்க் தானாகவே எனக்கு டீ சொன்னார். குடித்தேன், நிதானமாக.
திரும்பும்போது பஸ் ஸ்டாப்பில் ஏழுமலையின் அம்மா, நாலு பெண்கள் நடுவில். "எம் புள்ளதான் மொத ஆளு! கவர்மெண்டு ஜீப்புல கொண்டாந்து உட்டாங்க. நேத்திக்கி மூட்டயும் தூக்கிட்டான்!"
என்னைப் பார்த்ததும் ஓரமாக இழுத்தாள்.
"எஞ் சின்ன மவனுக்கும் ரெண்டு புள்ளைங்க ஆச்சி. ஜீப்பு மறுபடி எப்போ வருது? இந்த வாட்டி நேரா நம்ம ஊட்டுக்கு வரணும், சொல்லிட்டேன்."