நாற்பத்தேழாம் பக்கம்

மார்ச் 3

காலையிலேயே வெயில் மண்டையைப் பிளக்கிறது. பிரிவில் பாதிப் பேர் விடுப்பு. சட்டசபை நடப்பதால் மீதிப் பேர் நாற்காலியோடு ஒட்டிக்கொண்டிருக்கிறோம்.

பதினோரு மணிக்கு ஒரு கேள்வி வந்தது. மலையில் இந்த வருடம் தீத்தடுப்புக் கோடுகள் வெட்டப்பட்டுவிட்டனவா? நான்கு மணிக்குள் அமைச்சருக்குப் பதில் போக வேண்டும். வனத்துறைக்கு வரும் கேள்விகளுக்குப் பதில் எழுதுவதுதான் பதினாறு வருடமாக என் வேலை. போன வருடப் பதிலை எடுத்து வருடத்தை மட்டும் மாற்றுவது எங்கள் பிரிவின் வழக்கம். எனக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான், அவருக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான்.

மதியத் தபாலில் மலை அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம். தீ தாண்டாதபடி புல்லையும் புதரையும் வெட்டி வெறுந்தரையாக வைக்க வேண்டிய கோடு பதினான்கு கிலோமீட்டர். வெட்டியது மூன்றே மூன்று. ஆட்களை அமைச்சரின் மரம் நடும் விழாவுக்குப் பந்தல் போட அனுப்பிவிட்டார்களாம். கூடவே, இடம் இடமாக அளவு எழுதிய ஒரு தாள். கோழி கிளறிய எழுத்து. பார்த்ததும் சிரித்துவிட்டேன், அண்ணனுடையது. அங்கே காவல் கோபுரத்தில் அவன்தான் தீக்காவலர்.

கண்காணிப்பாளரிடம் கொண்டுபோனேன். எதைக் கேட்டாலும் 'பார்க்கலாம்' என்பார். அதுவே அவருக்குப் பேராகிவிட்டது.

"பார்க்கலாம் மேடம். இப்போ பழைய பதிலையே போடுங்க. வெயில் ஏறுறதுக்குள்ள வெட்டிடுவாங்க."

போட்டேன். 'அனைத்துத் தீத்தடுப்புக் கோடுகளும் முழுமையாகச் சீரமைக்கப்பட்டு, தொடர் கண்காணிப்பில் உள்ளன.' கடிதத்தையும் தாளையும் சேர்த்துத் தைத்துக் கோப்பில் வைத்து, சிவப்பு மையில் பக்க எண் போட்டேன். 47. பத்து நிமிடம் முன்னதாகவே பதில் போய்விட்டது. பாராட்டு வேறு கிடைத்தது.

மார்ச் 9

சபையில் படித்துவிட்டார்களாம். துணைக்கேள்வி எதுவும் இல்லை. தப்பித்தோம்.

மார்ச் 19

மதியம் வானம் பழுப்பாகிவிட்டது. அண்ணன் போன் செய்தான், மூச்சு வாங்கிக்கொண்டு. "மேற்குப் பக்கம் புகை. வயர்லெஸ்ல நாலு தடவை கூப்பிட்டுட்டேன். ஆள் வருது வருதுங்கறாங்க, வரல. உங்க ஆபீஸ்ல யார்கிட்டயாவது சொல்லேன், ஆபீசரம்மா." என்னை எப்போதும் அப்படித்தான் கிண்டல் செய்வான்.

சொன்னேன். பார்க்கலாம் என்றார்.

மார்ச் 20

தீ தாண்டிவிட்டது. கோடு இருக்க வேண்டிய இடத்தில் இடுப்பளவு காய்ந்த புல்.

மார்ச் 22

மலையடித் தெருவில் நாற்பத்தோரு வீடு. ஓர் உயிர். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர், ஆடுகளை அவிழ்த்துவிடத் திரும்பிப் போனாராம்.

மூன்று வருடமாகத் தீ வருடத்துக்கு வருடம் பெரிதாகிறது. சண்டை மட்டும் மாறவில்லை. எதிர்க்கட்சி அரசைச் சொல்கிறது, அரசு போன ஆட்சியைச் சொல்கிறது, போன ஆட்சிக்காரர் வெயிலைச் சொல்கிறார். வெயில் ஒன்றுதான் இன்னும் பேட்டி கொடுக்கவில்லை.

மாலை டிவியில் அமைச்சர். கையில் தாள். 'அனைத்துத் தீத்தடுப்புக் கோடுகளும் முழுமையாகச் சீரமைக்கப்பட்டு,' — நான் போட்ட காற்புள்ளியில் நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டு, மீதியைப் படித்தார். கோடு சரியாகத்தான் இருந்ததாம். கோபுரத்தில் இருந்தவர் தூங்கிவிட்டாராம். அவரைப் பணியிடை நீக்கம் செய்தாயிற்றாம்.

கோபுரத்தில் இருந்தவர் என் அண்ணன்.

வீட்டுக்காரர் டிவியை அணைத்தார். "அநியாயம்" என்றார். அவருக்கும் நான் எதுவும் சொல்லவில்லை.

மார்ச் 24

அண்ணன் வந்தான். ஒரு பக்கப் புருவமே இல்லை, பொசுங்கிப் போயிருக்கிறது. தூங்கினவனுக்குப் புருவம் எப்படிப் பொசுங்கும்? ஒருத்தராவது கேட்டார்களா?

"பதினாலு கிலோமீட்டரையும் நடந்து அளந்து எழுதிக் கொடுத்தேன். மலை ஆபீஸ்ல நகலே இல்லைங்கறாங்க. உங்க ஆபீஸுக்குத்தானே வந்திருக்கணும்? நீ பார்த்தியா?"

"எவ்வளவோ தபால் வருதுண்ணா. தேடிப் பார்க்கறேன்."

வாய் கூசாமல் வந்தது பொய்.

"வெட்டியாச்சுன்னு எழுதினானே ஒருத்தன், அவன் மட்டும் என் கையில கிடைச்சான்னா..." பாதியில் நிறுத்திக்கொண்டான். சாப்பாடு போட்டேன். நல்ல பசி போல, இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

மார்ச் 27

விசாரணை அறிவித்துவிட்டார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி, ஒரு பெண்மணி. கறாரானவர் என்று பேச்சு.

பார்க்கலாம் சார் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். இன்று பார்க்கலாம் என்று சொல்லவே இல்லை. "நாப்பத்தேழை எடுத்துடுங்க. இன்னிக்கே. அந்தப் பதில்ல இருக்கறது உங்க ஒப்பம் மேடம். நான் வாயால சொன்னதுக்கு என்ன சாட்சி? உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

எடுத்தேன். தாள் கிழிக்கும் இயந்திரம் வரை போய் நின்றேன். கிழிக்காமல் மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். தைரியமா? அதெல்லாம் ஒன்றுமில்லை. கிழிக்கவும் பயம், வைத்திருக்கவும் பயம்.

மார்ச் 28

48ஐ அடித்து 47. 49ஐ அடித்து 48. இப்படியே கடைசிப் பக்கம் வரைக்கும். அடித்தது பளிச்சென்று தெரிகிறது. "எண் தப்பாப் போட்டுட்டோம்னு சொல்லிக்கலாம்" என்றார்.

மார்ச் 31

அண்ணி போனில். அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. "கடைக்குப் போனா பேச்சை நிறுத்திடறாங்க. செத்துப்போன டிரைவரோட சம்சாரம் மட்டும் நேரா வந்து கேட்டாங்க, உங்க வீட்டுக்காரர் நிஜமாவே தூங்கிட்டாரான்னு."

"இல்லைன்னு சொன்னீங்களா அண்ணி?"

"சொன்னேன். நம்பணுமே."

ஏப்ரல் 1

கைப்பையை எங்கே வைத்தாலும் கண் அங்கேயே போகிறது.

ஏப்ரல் 4

சொல்லிவிட்டேன்.

முதலில் வீட்டுக்காரரிடம். "வேலை போனாப் போகட்டும். இப்படியே இருந்தா நீ போயிடுவ" என்றார்.

பிறகு அண்ணனிடம். உள்ளே போய் உட்கார்ந்தால் வாய் வராது, அதனால் வாசலிலேயே நின்று தாளை நீட்டினேன்.

"அட, என் தாள்! எங்க கிடைச்சுது?" முகம் அப்படி மலர்ந்தது.

"தொலையவே இல்லண்ணா. அன்னிக்கே என் மேசைக்கு வந்துடுச்சு. வெட்டியாச்சுன்னு எழுதினது நான்தான்."

திட்டுவான் என்று நின்றேன். திட்டியிருக்கலாம்.

"என் எழுத்துன்னு தெரிஞ்சுமா?"

தலையாட்டினேன். தாளை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தான். "கொண்டுபோய்க் கொடு" என்றான். கதவைச் சாத்திக்கொண்டான்.

தெரிஞ்சுதான் வச்சேன். சிரிச்சுக்கிட்டே நம்பர் போட்டு வச்சேன். என்ன பொம்பளை நான்.

ஏப்ரல் 10

என்னைக் கூப்பிட்டது கோப்பை ஒப்படைக்க மட்டும்தான். "கோப்பு முழுசா இருக்கா?" என்று நீதிபதியம்மா கேட்டார், சும்மா ஒரு வழக்கத்துக்கு. பார்க்கலாம் சார் என் பின்னால் நின்றுகொண்டிருந்தார். அவர் மூச்சு கேட்டது.

"இல்லைங்க. ஒரு பக்கம் என் பையில இருக்கு."

இரண்டு தடவை படித்தார். "பந்தல் போடவா போனாங்க?"

"ஆமாங்க."

"அப்புறம் இந்தப் பதிலை யார் எழுதினது?"

"நான்."

"யார் சொல்லி?"

திரும்பி அவரைப் பார்த்தேன். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 11

பணியிடை நீக்கம், எனக்கு. டிவியில் அமைச்சர்: 'ஓர் எழுத்தரின் கவனக்குறைவு.' நேற்றுவரை காவலர், இன்று எழுத்தர். பந்தல் பற்றி அவரிடம் யாரும் கேட்கவில்லை. நான் செய்தது தப்பு, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பதினோரு கிலோமீட்டர் புல்லை நானா வளர்த்தேன்?

ஜூன் 16

அறிக்கை வந்துவிட்டது. அண்ணன் மேல் குற்றமில்லை. கோபுரத்துக்குத் திரும்பிவிட்டானாம், அண்ணி சொல்லித்தான் தெரியும். 'நிர்வாகக் குறைபாடு' என்று ஒரு வரி இருக்கிறது, யார் பேரும் இல்லாமல். எனக்குக் கட்டாய ஓய்வு. பார்க்கலாம் சாருக்கு இடமாற்றம். அமைச்சர் அமைச்சராகவே இருக்கிறார்.

அண்ணன் இன்னும் பேசவில்லை.

மார்ச் 6 (புது டைரி)

டிவியில் சட்டசபை. அதே கேள்வி. அமைச்சர் எழுந்து படித்தார். 'அனைத்துத் தீத்தடுப்புக் கோடுகளும் முழுமையாகச் சீரமைக்கப்பட்டு, தொடர் கண்காணிப்பில் உள்ளன.' வருடத்தை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். என் நாற்காலியில் இப்போது யார் உட்கார்ந்திருக்கிறார்களோ.

ஐந்து நிமிடம் கழித்து போன் அடித்தது. பதினோரு மாதத்துக்குப் பிறகு அண்ணன். சௌக்கியமா என்றுகூடக் கேட்கவில்லை.

"டிவி பார்த்தியா?"

"பார்த்தேன்."

"நேத்துதான் நடந்து அளந்துட்டு வந்தேன். பேனா இருக்கா? எழுதிக்கோ."

கைக்கு அகப்பட்டது இந்த டைரிதான். இதிலேயே எழுதினேன்.

மொத்தம் பதினான்கு. வெட்டியது நான்கு.

"யார்கிட்ட கொடுக்கப்போற?"

"இந்தத் தடவை கோப்புல வைக்கமாட்டேன்ணா. பத்திரிகை, நீதிபதியம்மா, மலையடித் தெரு, எல்லாருக்கும்."

போனில் காற்று கேட்டது, கோபுரத்தில் பலமாக வீசுகிறது போல.

"எழுதினதைப் படி" என்றான்.

படித்தேன்.

"இன்னொரு தடவை படி."

படித்தேன்.