ராட்டினத்தின் முதல் பெட்டி

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் சுகம். நீயும் பாப்பாவும் எப்படி இருக்கிறீர்கள்? மாமாவின் மூட்டுவலி தேவலையா?

நீங்கள் விழா பார்க்க வருவதற்கு எல்லாம் யோசித்துவிட்டேன். சனி, ஞாயிறு வேண்டாம், எதைத் தொட்டாலும் இரட்டை விலை. திங்கட்கிழமை பகல் ரயிலில் வாருங்கள். என்னோடு தங்கியிருக்கும் வெல்டர் ஊருக்குப் போகிறான், அறை நமக்குத்தான், லாட்ஜ் செலவில்லை. தெருவெல்லாம் விளக்கும் மேளமும். வேடிக்கை பார்க்க யாரும் காசு கேட்க மாட்டார்கள். பாப்பா கேட்ட பெரிய ராட்டினம்கூட நாங்கள் பூட்டியதுதான்.

அதில் ஒரு கூத்து. உச்சியில் ஒரு போல்ட் எவ்வளவு முறுக்கினாலும் இறுகாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. மேஸ்திரியிடம் சொன்னேன்.

“போன வருஷமும் இப்படித்தான் இருந்துச்சு, ஒண்ணும் ஆகல. அவ்வளவு சந்தேகம்னா ஞாயித்துக்கிழமை ஓட்டிப் பாக்கும்போது முதல் பெட்டியில நீயே உக்காரு” என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். மாட்டேன் என்றால் அடுத்த ஊருக்குக் கூட்டிப் போக மாட்டார்.

இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை, உடம்புச் சூடுதான். எழுத்து கோணியிருந்தால் பலகை ஆடுகிறது என்று வைத்துக்கொள். வரும்போது வீட்டுப் போர்வை ஒன்று கொண்டு வா, துவைக்காமல்.

லாரி வந்துவிட்டது, கூப்பிடுகிறார்கள். ஒன்று சொல்ல மறந்தேன். டிக்கெட்டை இப்போதே எடுத்துவிடாதே. ஞாயிறு சாயங்காலம் பக்கத்து வீட்டுப் போனுக்குக் கூப்பிடுவேன். என் குரலைக் கேட்ட பிறகு எடு.