பல் டாக்டர் நாற்காலியில் கிடைத்த வேலை

அன்பு மகள் பிரவீனாவுக்கு,

லாபிஸ்லேர்ந்து அப்பா எழுதுறது. இங்க நானும் அம்மாவும் சுகமா இருக்கோம், என்னோட இடது கடவாய்ப் பல்லு ஒன்னைத் தவிர, அந்தக் கதை கீழே வருது. நீ அந்த ஹோபார்ட் குளிர்ல சளி கிளி பிடிக்காம, நேரத்துக்குப் பசியாறி, நல்லபடியா இருக்கணும்னு முருகன்கிட்ட தினமும் சொல்லிட்டுத்தான் இருக்கேன். அம்மா அனுப்புற கறித்தூள் பொட்டலத்துக்கும் கம்பளிச் சட்டைக்கும் நடுவுல இந்தக் கடிதாசியப் பார்த்ததும் அப்பாவா எழுதுறாருன்னு உனக்கு சந்தேகம் வரும். கையெழுத்த நல்லாப் பாரு, நான்தான். எட்டு மாசமா உன்கிட்ட நேரா ஒரு வார்த்தை பேசாத ஆளு இப்ப நாலு பக்கம் எழுதுறேன்னா காரணம் இருக்கு, பொறுமையாப் படி.

நீ அந்தக் கணக்கு ஆபீஸ் வேலைய விட்டுட்டு, ப்ளாக் எழுதிப் பொழைச்சிக்கிறேன்னு சொன்னப்ப, எழுதி யாராவது சோறு தின்னிருக்காங்களான்னு நான் கேட்டதும், நீ ஃபோன வெச்சிட்டதும் உனக்கு மறந்திருக்காது. எனக்கும் மறக்கல. அதுக்கப்புறம் ஞாயித்துக்கிழமை நீயும் அம்மாவும் பேசும்போது நான் முன் ரூம்ல பேப்பர் படிப்பேன். படிப்பேன்னு அம்மா நெனைப்பா. நீ சொல்றது எல்லாம் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். முப்பது கம்பெனிக்கு இமெயில் போட்டா ரெண்டு பேர்தான் பதில் போடுறாங்க, அதுல ஒருத்தன் முதல்ல ஒரு கட்டுரை சும்மா எழுதிக் காட்டுன்னு கேக்குறான், எழுதிக் குடுத்தா ஆளு காணாமப் போயிடுறான், எல்லாம் தெரியும். போன தை மாசம் நீ அம்மாகிட்ட, இந்த வருஷம் முடியிற வரைக்கும் பார்த்துட்டு மறுபடியும் ஆபீசுக்கே போயிடுறேன்மா, அப்பா சொன்னதுதான் சரின்னு சொன்னியே, அன்னைக்கு நான் பேப்பர தலைகீழா பிடிச்சிருந்தேனாம். அம்மா வந்து திருப்பிக் குடுத்துட்டுப் போயிட்டா. நான் சொன்னது சரின்னு நீ சொல்லி எனக்கு சந்தோஷம் வரணும் இல்லையா, வரல.

அதனால நானே உனக்கு வேலை தேடறதுன்னு எறங்கினேன். சிரிக்காதே. முதல்ல ஃபேஸ்புக்ல பார்த்தேன், வீட்டிலிருந்தே எழுதி மாதம் பல்லாயிரம் சம்பாதிக்கலாம்னு ஒரு விளம்பரம், பக்கத்துல சூட்டு போட்ட ஒருத்தரு பல்லக் காட்டிக்கிட்டு நிக்கிறாரு. நான் மெசேஜ் அனுப்பினேன், அவரு உடனே என்னை சார்னு கூப்பிட்டாரு. உங்க மகளுக்கு மாசம் இருவது கட்டுரை உறுதி, ஆனா பதிவுக் கட்டணம் முன்னூறு வெள்ளி இன்னைக்கே கட்டணும்னாரு. பேங்க் நம்பர அமுக்கிக்கிட்டு இருக்கேன், அம்மா பின்னால வந்து எட்டிப் பார்த்து ஃபோன பிடுங்கிட்டா. வேலை குடுக்கிறவன் காசு குடுப்பானா கேப்பானான்னு ஒரு கேள்வி கேட்டா பாரு, முப்பத்தோரு வருஷம் ரயில்வேல இருந்தவனுக்கு அது தோணல. நீயும் இந்த மாதிரி ஆளுங்ககிட்ட மாட்டிக்காதேம்மா, சேர்றதுக்குக் காசு கேட்டா அப்பவே கதவ சாத்திடு.

அடுத்து உன் கட்டுரை ஒன்ன கையில வெச்சிக்கிட்டு கடை கடையா கேக்கலாம்னு யோசிச்சேன். அம்மா எப்பவோ என் ஃபோனுக்கு ஒன்னு அனுப்பியிருந்தா, நான் தொறந்துகூடப் பார்க்கல, அதை அப்படியே ஃபோட்டோஸ்டாட் கடையில குடுத்து அஞ்சு காப்பி அடிச்சிக்கிட்டேன். ஐயாசாமி மாமா வீட்டுக் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க தங்காக் டவுனுக்குப் போனப்ப, ஜமால் பாய் கடையில அம்மா புடவைய விரிச்சிப் பார்க்க, நான் பாய ஓரமா கூட்டிக்கிட்டுப் போயி, உங்க கடை வெப்சைட்டுக்கு என் மக எழுதித் தருவான்னு ஆரம்பிச்சேன். அவரு ரொம்ப மரியாதையாத்தான் பேசினாரு, அதெல்லாம் இப்ப மருமகன் கம்ப்யூட்டர்கிட்ட சொன்னா அரை நிமிஷத்துல அதுவே எழுதிடுது அண்ணேன்னு தொறந்து காட்டினாரு. அம்மா மூக்குக் கண்ணாடிய மாட்டிக்கிட்டு படிச்சா. பட்டுப்புடவைய வெந்நீர்ல ஊற வெச்சி வெயில்ல காய வைக்கவும்னு அதுல எழுதியிருக்கு. அலமாக், ஐயய்யோன்னு பாய் மொகம் வெளுத்துப் போச்சி, அங்கேயே மருமகனக் கூப்பிட்டு அந்த வரிய எடுக்கச் சொன்னாரு. வரியத்தான் எடுத்தாரு, வேலையக் குடுக்கல. ஆனா என் மனசு சங்கடப்படக் கூடாதுன்னு, உங்க மக எதைப் பத்தி எழுதியிருக்காங்கன்னு பேப்பரக் கையில வாங்கிக் கேட்டாரு. எனக்குத் தெரியல பாப்பா. அஞ்சு காப்பி எடுத்தவன் ஒரு காப்பி படிக்கல. இங்கிலீஷ்ல இருக்குன்னு மட்டும் சொன்னேன். பாய் மடிச்சித் திருப்பிக் குடுத்தாரு. திரும்பி வர்ற வழியெல்லாம் அம்மா சன்னல் பக்கமே பார்த்துக்கிட்டு வந்தா, லெடாங் மலைய அன்னைக்குத்தான் முதல் தடவையா பார்க்கிற மாதிரி.

வீட்டுக்கு வந்து அகராதிய எடுத்து வெச்சிக்கிட்டு படிச்சேன். ஒரு பயணப் பெட்டிக் கம்பெனிக்காக நீ எழுதினது, ஊருக்குப் போறவங்கள வழியனுப்புறது எப்படின்னு. நடுவுல ஒரு இடத்துல நான் வர்றேன். ஊர்ல இருக்கிற எல்லா ரயிலுக்கும் கொடி காட்டின என் அப்பா, நான் கெளம்பினப்ப மட்டும் கைய தூக்கவே இல்ல, ரெண்டு கையையும் பின்னால கட்டிக்கிட்டு நின்னாரு, கைய தூக்கினா அழுதுடுவாருன்னு எனக்குத் தெரியும்னு எழுதியிருக்க. உனக்கு அது எப்படித் தெரியும்னு எனக்கு இன்னும் புரியல. உங்க அம்மா கஸ்தூரிகிட்டகூட நான் சொன்னதில்ல. அந்தப் பக்கத்த நாலு தடவை படிச்சேன், நாலாவது தடவை அகராதி தேவைப்படல.

இப்ப பல்லு கதைக்கு வர்றேன். பல்லு ரெண்டு மாசமா வலிச்சிக்கிட்டு இருந்தது, கிராம்பு வெச்சி சமாளிச்சேன். ஆஸ்பத்திரிக்குப் போகாததுக்கு நேரமில்லன்னு சொல்லிக்கிட்டேன், ரிட்டையர் ஆன ஆளுக்கு என்ன நேரமில்லாம போச்சின்னு அம்மா கேட்டா, உண்மை என்னன்னா எனக்குப் பயம். ரெண்டு தடவை சிகாமட்ல பிரேமலா டாக்டர் கிளினிக் வாசல் வரைக்கும் போயி திரும்பி வந்திருக்கேன், ஒரு தடவை சாப்பாடு தப்பாவ் கட்டி வாங்கிக்கிட்டு வந்து அதுக்குத்தான் போனேன்னு சொன்னேன். மூணாவது தடவை அம்மா கூடவே வந்து உள்ள தள்ளிவிட்டுட்டு கதவுகிட்ட உக்காந்துக்கிட்டா. நாற்காலி பின்னால சாஞ்சப்ப கைப்பிடின்னு நெனைச்சி இறுக்கிப் பிடிச்சேன், பார்த்தா டாக்டரோட கோட்டு. அந்தம்மா கோவிச்சிக்கல, சின்ன வயசுதான், நிதானமா பேசினாங்க, ஊசி போட்டுட்டு மரத்துப்போகட்டும்னு உக்காந்தாங்க. அந்த நேரத்துல அவங்க பேச்சுவாக்குல, பாதிப் பேரு நாள் குறிச்சிட்டு பயத்துல வர்றதே இல்ல அங்கிள், சிங்கப்பூர்லேர்ந்து எங்க ஜொகூர் பாரு கிளினிக்குக்கு நாள் வாங்கினவங்ககூட அப்படித்தான், வெப்சைட்ல கட்டுரை போட்டுப் பார்த்தோம், பாடப் புத்தகம் மாதிரி இருக்கு, யாரும் படிக்கலன்னு சொன்னாங்க. நான் எழுந்து உக்காந்துட்டேன். என் மக ப்ளாக், என் மக ப்ளாக்னு சொல்றேன், உதடு பாதி என் பேச்ச கேக்கல. ப்ளாக் இப்ப உங்களுக்குத்தான் அங்கிள் போட்டிருக்கேன், மகளுக்கு அப்புறம் பார்க்கலாங்கிறாங்க அவங்க. மரத்துப்போக போடுற அந்த ஊசிக்கும் ப்ளாக்னுதான் பேராம். கடைசியில அம்மா எழுந்து வந்து, கைப்பையிலேர்ந்து உன் கட்டுரைய எடுத்து டாக்டர் கையில குடுத்தா. அதை எப்ப எடுத்து வெச்சான்னு எனக்குத் தெரியாது.

டாக்டர் என் பல்லு வேலைய முடிச்சிட்டு, கை கழுவிட்டு, நின்ன எடத்துலயே முழுசா படிச்சாங்க. அந்தக் கைய பின்னால கட்டினவரு நீங்கதானான்னு கேட்டாங்க. தலையாட்டினேன். நல்லா எழுதுறாங்க, ஒரு கட்டுரை மட்டும் முதல்ல இலவசமா எழுதித் தரச் சொல்லுங்க, பிடிச்சிருந்தா மேல பேசலாம்னாங்க. எனக்கு உன்னோட அந்தக் காணாமப்போன ஆளுங்க ஞாபகம் வந்துடுச்சி. பாதி உதட்ட வெச்சிக்கிட்டே கேட்டேன்:

"டாக்டர், ஒரு பல்ல சும்மா பிடுங்கிக் காட்டுங்க, பிடிச்சிருந்தா மத்ததுக்குக் காசு தரேன்னு நான் கேட்டேனா?"

கவுன்டர்ல இருந்த பொண்ணு வாயப் பொத்திக்கிட்டுச் சிரிச்சிச்சி. வேலை போச்சின்னு நெனைச்சேன். அப்புறம் டாக்டரும் சிரிச்சிட்டு, சரிதான் அங்கிள், முதல் கட்டுரைக்கும் காசு தரேன், பிடிச்சிருந்தா மாசம் ரெண்டுன்னாங்க. எவ்வளவுன்னு கேட்டதுக்கு நான் வாயத் தொறக்கல, அத எழுதுறவதான் சொல்லணும்னுட்டேன். இந்த விஷயத்துல நான் புத்தியா நடந்துக்கிட்டது அது ஒன்னுதான், நீயும் கூச்சப்பட்டுக் கொறைச்சிச் சொல்லிடாதே. ரெண்டு தடவைக்கு மேல திருத்தம் கேக்கக் கூடாதுன்னு அம்மா சேர்த்துச் சொன்னா, உன் ஞாயித்துக்கிழமைப் புலம்பல் வீண்போகல. முதல் கட்டுரை எதப் பத்தின்னா, ரயிலுக்கு முன்னால பயப்படாம நின்ன ஒருத்தரு பல் டாக்டர் வாசல்லேர்ந்து திரும்பி ஓடினதப் பத்தி. மேல எழுதினது எல்லாம் அதுக்குத்தான், தாராளமா எடுத்துக்கோ, கோட்டப் பிடிச்சதையும் போட்டுக்கோ, பேர மட்டும் போடாதே, லாபிஸ்ல நான் தலை நிமிர்ந்து நடக்கணும்.

கல்யாணம் போன சனிக்கிழமை நல்லபடியா முடிஞ்சது. சாப்பாட்டு மேசையில ஐயாசாமி மாமா நாலு பேருக்குக் கேக்கிற மாதிரி, பிரவீனா இன்னும் அந்தக் கணக்கு ஆபீஸ்லதானேன்னு கேட்டாரு. எட்டு மாசமா கேட்டவங்களுக்கெல்லாம் ஆமாம்னுதான் சொல்லிக்கிட்டு இருந்தேன், உனக்கு அது தெரியாது, இப்ப சொல்லிடுறேன். அன்னைக்கு ஆமாம்னு வாயில வரல. இல்ல மாமா, விட்டுட்டா, இப்ப எழுதுறா, அதுதான் அவ வேலைன்னேன். அதுல வருமானம் ஒழுங்கா வருதான்னாரு. ஒரு மாசம் வரும் ஒரு மாசம் வராது, உங்க தோட்டத்துச் செம்பனைக் காய் வெலை மாதிரிதான்னேன். அம்மா என் தட்டுல ஒரு துண்டு ஆட்டுக்கறிய எடுத்து வெச்சா, டாக்டர் இன்னும் கடிக்கக் கூடாதுன்னு சொன்னது அவளுக்கும் மறந்துபோச்சி.

ஆபீசுக்குத் திரும்பிப் போறதும் போகாததும் உன் முடிவு. போறதுன்னா உனக்குத் தோணிப் போ, நான் சொன்னது சரின்னு நெனைச்சிப் போகாதே. நான் சொன்னது தப்பு. ஃபோன்ல இத சொல்ல எனக்கு வராது, அதுக்குத்தான் இத்தன பக்கம்.

டாக்டர் இமெயில் முகவரி தனிச் சீட்டுல இருக்கு, பார்சல் கெடைச்ச அன்னைக்கே எழுது, ஆறப்போடாதே. உக்காந்தே எழுதாம நடுநடுவுல எழுந்து நட, கழுத்து வலிக்கும். கறித்தூள டப்பாவுல கொட்டி இறுக்கி மூடி வை. எங்க ரெண்டு பேரோட ஆசீர்வாதமும் உனக்கு எப்பவும் உண்டு, கடவுள் உன் கைக்கும் கண்ணுக்கும் நல்ல பலத்தக் குடுக்கட்டும். வர்ற ஞாயித்துக்கிழமை நீ கூப்பிடும்போது ஃபோன நான்தான் எடுப்பேன். எடுத்துட்டு கொஞ்ச நேரம் பேசாம இருந்தா லைன் போச்சின்னு வெச்சிடாதே பாப்பா, அங்கதான் இருப்பேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
காளிதாஸ்