உங்கள் ரொட்டிச் சட்டி வந்துவிட்டது, மச்சான்

போத்தனூர் ரயிலடியில் ஊர் ஊராக வரும் டிரைவர்களுக்கெல்லாம் சோறு போட்டு, எனக்கு மட்டும் சோற்றோடு கேலியும் போட்ட என் பிரியமுள்ள சென்னியப்பன் மச்சானுக்கு,

இது நான் என் கையால் எழுதுகிற முதல் கடிதம். சிரிக்காதீர்கள். காலையில் உட்கார்ந்தேன், இந்த இரண்டாவது வரிக்கு வருவதற்குள் வெயில் வாசல்படி ஏறிவிட்டது. உங்கள் பெயரை எழுதும்போது இரண்டு முறை பென்சில் முனை உடைந்தது. ஆனாலும் எழுதி முடித்துத் தாளைத் தூரமாகப் பிடித்துப் பார்த்தேன். சென்னியப்பன். நீங்களே வந்து எதிரில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. இந்த வயதில் எனக்கு இப்படியொரு சந்தோஷம் வரும் என்று யார் நினைத்தார்கள்?

எங்கள் தெருவில் சாயங்காலம் முதியோர் பள்ளி நடக்கிறது. வாத்தியாரம்மாவுக்கு என் மகள் வயதுகூட இருக்காது. எங்களுக்குத்தான் மகள் இல்லையே, ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். போன வாரம் அந்த அம்மா, "எல்லாரும் பிரியமானவங்களுக்கு ஒரு கடிதம் எழுதிட்டு வாங்க. சனிக்கிழமை சத்தமா வாசிக்கோணும்" என்றது.

"செத்துப்போனவங்களுக்கு எழுதலாங்களா அம்மணி?" என்று கேட்டேன்.

"தாராளமா எழுதுங்க. தபால்தலை மிச்சம்" என்றது. எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன்.

ஆகையால் இதை நாலு பேர் கேட்பார்கள். அவர்கள் கேட்டால் எனக்குக் கூச்சமில்லை. நீங்கள் கேட்கிறீர்களா என்பதுதான் தெரியவில்லை.

மச்சான், உங்கள் தங்கச்சி ராமாத்தா பிழைக்கமாட்டாள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வயிற்றில் கட்டி. பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் அவளை வெளியே உட்காரவைத்துவிட்டு என்னிடம், "கேட்டதைக் குடுங்க" என்றார். வேறு மருந்து எதுவும் சொல்லவில்லை. அதற்கு என்ன அர்த்தம் என்று எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கும் தெரியும்.

அதற்கு இரண்டு வாரம் கழித்துத்தான், லீவில் ஊருக்குப் போன நீங்கள் தவறிவிட்டீர்கள் என்று தாராபுரத்திலிருந்து தந்தி வந்தது. ஆனி மாதம். தந்திக்காரரையே வாசிக்கச் சொன்னேன். அவர் வாசலில் நின்று தணிந்த குரலில் வாசித்தார். உள்ளே கயிற்றுக் கட்டிலில் கிடந்தவள், "ஏனுங்க, என்ன தந்தி?" என்றாள்.

"மில்லுக்கு மரம் வருதாம். தாராபுரம் வரைக்கும் போயி பாத்துட்டு வரச் சொல்றாங்க" என்றேன், நான் வேலை பார்க்கிற மர மில்லைச் சொல்லி.

இப்படித்தான் மச்சான் அந்தப் பொய் ஆரம்பித்தது. தாராபுரத்துக்கு வந்தேன். உங்களுக்குப் பெண்டு பிள்ளை இல்லை, பங்காளி ஒருவர் கொள்ளி வைத்தார். அமராவதியில் தலை முழுகிவிட்டு, தலைமயிர் காயும் வரை கரையிலேயே உட்கார்ந்திருந்தேன். ஈரத் தலையோடு போனால் அவள் கண்டுபிடித்துவிடுவாள். உங்களுக்கு ஜோலார்பேட்டைக்கு மாற்றலாகிவிட்டது, இனி அங்கே டிரைவர்கள் தங்குகிற ரன்னிங் ரூமில்தான் சமையல் என்று சொல்லிவைத்தேன்.

எதற்காக மறைத்தேன் என்று கேட்பீர்கள். அவள் கட்டிலில் விழுந்த நாள் முதல் ஒரே ஒரு பேச்சுத்தான் பேசினாள். "எங்கண்ணன் கையால கோடி போடாம என்னைத் தூக்கக் கூடாதுங்க. பங்காளிங்க போடற சேலையோட நான் போகமாட்டேன்." பெண் செத்தால் பிறந்த வீட்டுச் சேலை போர்த்தித்தான் எடுக்கவேண்டும். அவளுக்குப் பிறந்த வீடு என்றால் அது நீங்கள் ஒருவர்தானே? அதுவும் போய்விட்டது என்று நான் எந்த வாயால் சொல்வேன்?

புரட்டாசியில் எனக்கு எழுத்துக் கூட்ட வந்துவிட்டது. அவளுக்கு ஒரே பெருமை. "அண்ணன் கார்டு போட்டிருந்தா வாசிங்க" என்று நச்சரித்தாள். டிரங்குப் பெட்டியில் உங்கள் பழைய கார்டு ஒன்று இருந்தது, மழை பெய்தது, மாடு கன்று போட்டது என்று எழுதியிருப்பீர்களே, அது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு, அதில் இல்லாததையெல்லாம் வாசித்தேன். "ஜோலார்பேட்டை... சுகம்... தங்கச்சியை... கவனமாகப்... பார்க்கவும்..."

"எங்கண்ணன் ஏனுங்க இப்படி இழுத்து இழுத்து எழுதியிருக்காரு?" என்றாள்.

"வாசிக்கறது நானாக்கும்" என்றேன். ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் சிரித்தாள்.

கஞ்சியும் இறங்காமல் போனது ஐப்பசியில். என்னதான் வேண்டும் என்று கெஞ்சினேன். "எங்கண்ணன் செய்யற ரொட்டிச் சட்டி" என்றாள். "உங்களுக்கு வராது. அண்ணன் வரட்டும்."

எனக்கா வராது? ஞாயிற்றுக்கிழமை காலைகளில் உங்கள் சட்டியில் பாதியைத் தின்றவன் நான்தானே! ரன்னிங் ரூமில் மிஞ்சின காய்ந்த ரொட்டி, பால், நாட்டுச்சர்க்கரை, நாட்டுக்கோழி முட்டை, கனிந்த பூவன்பழம், வாசனைக்கு ஏலக்காய். ரொட்டியைப் பிய்த்து அடுக்கி, பழத்தை அரிந்து அடுக்கி, மறுபடி ரொட்டி. முட்டை அடித்த பாலை மேலே ஊற்றி, நெய் தடவின மண்சட்டியில் மூடி, சாயங்காலம் மரத்தூள் அடுப்பின் மேல் வைத்தால் விடியும்போது அது தானே இறுகிக் கிடக்கும். நீங்கள் சொல்லாவிட்டாலும் இதெல்லாம் நான் பார்த்ததுதான்.

பார்த்தது வேறு, செய்வது வேறு. முதல் தடவை அடி கரிந்து, சட்டியே விரிசல் விட்டுவிட்டது. இரண்டாம் தடவை அடுப்பே அவிந்துவிட்டது. தகர டின்னின் நடுவில் பாட்டிலை நிறுத்தி, சுற்றிலும் மரத்தூளை இடித்து அடைத்துவிட்டுப் பாட்டிலை உருவவேண்டும். நான் அதைச் சாய்த்து உருவினேன், தூள் பொலபொலவென்று குழிக்குள் சரிந்துவிட்டது. அப்போது உங்கள் குரல் எனக்குத் தெளிவாகக் கேட்டது. "ஏனுங்க மாப்பிள்ளை, முப்பது வருசமா மர மில்லுல மரத்தூளையே தின்னு தூங்குனீங்க, அதை ஒரு டின்னுல அடைக்கத் தெரியலீங்களா?" தனியாக உட்கார்ந்து பதில் சொன்னேன்: "ரயிலடியில டீசல் புகையைத் தின்னு சமைச்சீங்களே, அதுக்காக நீங்க ரயில் ஓட்டுவீங்களா மச்சான்?" கட்டிலிலிருந்து, "யாருகூடப் பேசறீங்க?" என்றாள். வாயை மூடிக்கொண்டேன்.

மூன்றாம் தடவை எல்லாம் சரியாக இருந்தது, என் கைதான் சும்மா இருக்கவில்லை. நடுவில் மூடியைத் தூக்கிப் பார்த்தேன். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தரம் தூக்கினேன். காலையில் பால் தனியாகவும் ரொட்டி தனியாகவும் கிடந்தது. "திறந்து பாத்தீங்களா மாப்பிள்ளை? வெந்திருச்சான்னு கேட்டா அது வேகாதுங்க" என்று நீங்கள் சொல்வது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அதோடு மணலும் நினைவுக்கு வந்தது. மண்சட்டியை நேராக நெருப்பில் வைக்கமாட்டீர்கள். பழைய இரும்புச் சட்டியில் ஆற்று மணலைப் பரப்பி, அதற்குள் மண்சட்டியைப் பாதி புதைப்பீர்கள். டின்னின் அடித் துவாரத்தைச் செங்கல்லால் முக்கால்வாசி அடைப்பீர்கள், நெருப்பு எரியாமல் கனன்றுகொண்டே கிடக்கும். இத்தனையும் நினைவு வந்த அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த நாலாவது சட்டி இந்தக் கார்த்திகை முதல் வாரத்தில் வைத்தது. மூடியின்மேல் அம்மிக்குழவியைத் தூக்கி வைத்துவிட்டேன், என் கையை நம்பாமல்.

வெள்ளென மூடியைத் திறந்தேன். மச்சான்! மேலே பொன்னிறமாகத் தோல் கட்டியிருந்தது. கரண்டியை விட்டால் மெத்தென்று இறங்கியது. வாசனை வீடெல்லாம் பரவியது. நான் சின்னப் பிள்ளை மாதிரி குதித்தேன். வந்துவிட்டது, வந்துவிட்டது!

அந்தச் சந்தோஷத்தில்தான் அந்தத் தப்பைச் செய்தேன்.

முதல் கரண்டியை எடுத்தேன். ஒரு வாழையிலைத் துண்டில் வைத்தேன். பின்கதவைத் திறந்து, மதில்மேல் வைத்து, "கா, கா" என்று கூப்பிட்டேன். நினைத்துச் செய்ததில்லை. அந்த வாசனை வந்ததும் உங்களுக்குத்தான் முதலில் என்று கை தானாகப் போய்விட்டது. ஒரு காக்கை வந்தது, தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டுத் தின்றது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. திரும்பினேன். பின்கதவுக்கு நேராகத்தான் அவள் கட்டில் கிடக்கிறது. கண் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாருக்குங்க வெச்சீங்க?" என்றாள்.

"எங்கம்மாவுக்கு" என்றேன்.

"உங்கம்மா முட்டை வெந்த சட்டியக்கூடத் தொடமாட்டாங்களே."

இலையைத் தூக்கிக்கொண்டு இன்னொரு காக்கை பறந்தது.

"எப்பங்க?" என்றாள்.

"ஆனியில."

"தாராபுரம் போனீங்களே, மரம் பாக்க..."

"ஆமாங்க அம்மணி."

கத்தி அழுவாள் என்று நினைத்தேன். அழுவதற்குக்கூட அவளிடம் தெம்பில்லை. "தலைக்குத் தண்ணி ஊத்துங்க" என்றாள். "கூடப்பொறந்தவன் சாவு கேட்டு இத்தனை மாசம் தலைக்கு ஊத்தாமக் கிடந்திருக்கறேன். எங்கண்ணன் என்ன நெனப்பாரு?"

அதே மரத்தூள் அடுப்பில் மிச்சமிருந்த கனலில் தண்ணீர் வைத்தேன். பின்பக்கம் பலகை போட்டு உட்காரவைத்து ஊற்றினேன். கோழிக்குஞ்சு கனம்கூட இல்லை மச்சான் உங்கள் தங்கச்சி. ஒவ்வொரு சொம்புக்கும், "அண்ணா" என்றாள். சத்தமாகக்கூட இல்லை. ஒவ்வொரு சொம்புக்கும் ஒரு தடவை.

தலை துவட்டிப் படுக்கவைத்த பிறகு, "அதைக் கொண்டாங்க" என்றாள். சட்டி ஆறிப்போயிருந்தது. இரண்டு கரண்டி சாப்பிட்டாள். "ஏலக்காய் ஜாஸ்தி. எங்கண்ணன் இத்தனை போடமாட்டாரு" என்றாள். மூன்றாவது கரண்டிக்கு வாய் திறக்கவில்லை. மத்தியானம் அந்த இரண்டும் வயிற்றில் நிற்கவில்லை. நாலு சட்டி வைத்து நான் கண்டது அவ்வளவுதான்.

சாயங்காலம், "ஜோலார்பேட்டைக் கார்டை வாசிங்க" என்றாள்.

"அம்மணி, அது..."

"தெரியுமுங்க. வாசிங்க."

எடுத்து வாசித்தேன். சுகம். தங்கச்சியைக் கவனமாகப் பார்க்கவும். போன தடவை என்ன சொன்னேனோ அதையே சொல்லவேண்டுமே என்று பயந்து பயந்து வாசித்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். முடிந்ததும், "கோடிக்கு என்ன பண்ணுவீங்க?" என்றாள்.

இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் டவுன்ஹால் பக்கம் போய் ஓர் அரக்கு நிறச் சேலை எடுத்து வந்தேன். கட்டைகளுக்குக் குறி போட மில்லில் ஒரு நீலச் சாயப் பென்சில் வைத்திருப்பேன், எச்சில் தொட்டு எழுதினால் ஜென்மத்துக்கும் அழியாது. முப்பது வருஷம் அதால் கோடும் பெருக்கல் குறியும்தான் போட்டேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தச் சேலையின் முந்தானையில் உங்கள் பெயரை எழுதினேன். கடைசி எழுத்து கொஞ்சம் கீழே இறங்கிவிட்டது.

அவளுக்கு வாசிக்கத் தெரியாது. விரலை வைத்து முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரைக்கும் மெதுவாகத் தடவிக்கொண்டே போனாள்.

"எங்கண்ணன் பேரு இத்தனை நீளங்களா?" என்றாள்.

அன்றிலிருந்து சேலை அவள் தலைமாட்டில்தான் இருக்கிறது. நேற்று முதல் தண்ணீரும் இறங்கவில்லை. சனிக்கிழமை நான் இதைப் பள்ளியில் வாசிப்பேனா, அல்லது அதற்குள் வீட்டில் ஆட்கள் கூடியிருப்பார்களா என்று தெரியவில்லை. அதற்குப் பிறகு யாருக்காக அடுப்பு அடைப்பது, யாருக்குக் கடிதம் வாசித்துக் காட்டுவது என்றும் தெரியவில்லை. எழுத்து வந்த நேரத்தில் கேட்கிற ஆள் போகிறாள். எனக்கு வந்த சந்தோஷத்தைப் பார்த்தீர்களா மச்சான்?

ஆனால் ஒன்று சொல்கிறேன். அன்றைக்குப் பங்காளிகள் வருவார்கள், முறை பேசுவார்கள், யார் போடுவது என்று கேட்பார்கள். உங்கள் பெயர் எழுதின சேலையை நானே விரிப்பேன். எழுத்து மேலே தெரிகிற மாதிரி விரிப்பேன். படிக்கத் தெரிந்தவர்கள் படித்துக்கொள்ளட்டும். தெரியாதவர்களுக்கு நான் எழுத்துக்கூட்டி வாசித்துக் காட்டுவேன். அதற்கு மேல் வேறு ஒரு துணி விழவிடமாட்டேன்.

ராமாத்தா வந்தால் உங்கள் கையால் சட்டி வைத்துக் கொடுங்கள், ஏலக்காயை மட்டும் என்னைப் போல அள்ளிப் போடாதீர்கள்.

உங்கள் தங்கச்சியைக் கட்டின மாப்பிள்ளை,
நாச்சிமுத்து
(என் கையெழுத்து)