இறங்க முடியாத சைக்கிள்

12.11.88, சனி

காலையிலிருந்து தூறல். என் சைக்கிள் இப்போது பாய் கடையில். மங்கலம் ரோட்டில் என்னைப் பைத்தியம் என்று சொல்லாமல் இந்த வேலையை எடுத்துக்கொண்டவர் பாய் ஒருவர்தான். கடைக்கு உட்கார்ந்து உட்கார்ந்து நடந்து போய் வந்ததில் நல்ல காலும் வீங்கிவிட்டது.

பின் சக்கரத்து பிரீவீலைப் பற்றவைத்து இறுக்கிவிடுவதுதான் வேலை. அப்புறம் சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும், சும்மா நிற்காது. லாரி இடித்ததிலிருந்து என் இடது கால் மடங்கும், நீளும். மிதிக்க மட்டும் வலு இல்லை. சாதா சைக்கிளில் வலது காலால் ஒரு மிதி மிதித்தால் பெடல் கீழே போய் அங்கேயே நிற்கும், மேலே கொண்டுவர ஆளில்லை. இனி சக்கரமே கொண்டுவரும். பாயின் யோசனை. செயினில் தொய்வே இருக்கக் கூடாதாம். அச்சைப் பின்னுக்கு இழுத்து இழுத்துப் பார்த்தார்.

"பிரேக்க மட்டும் நம்புங்க தம்பி. பெடல பின்னால அமுக்கி நிறுத்தப் பாத்தீங்கன்னா மரை கழண்டுக்கும்."

தேவை: புது பிரேக் கட்டை. பேண்ட் (லுங்கி ஆகாது, செயின் தின்றுவிடும்). இடது காலைப் பெடலோடு கட்டப் பனியன் வேஸ்ட் துணி. அது வீட்டில் மூட்டையாகக் கிடக்கிறது.

ராயபுரம் கம்பெனியில் என் ஓவர்லாக் தையல் மெஷினில் வேறு ஆள் உட்கார்ந்திருக்கிறான். 21ஆம் தேதி திங்கள் வரை பார்ப்பாராம் மாஸ்டர். மெஷினுக்கு வலது கால் போதும். போய்ச் சேர்வதுதான் பெரும்பாடு. பக்கத்து வீட்டு ஆரோக்கியமும் அந்தப் பக்கம்தான் தினமும் போகிறான், ஆனால் அவன் கேரியரில் தையல் பண்டல்.

14.11.88, திங்கள்

மழை இல்லை. சர்ச்சுக்குப் பின்னால் காலி இடத்தில் பழகினேன். ஆரோக்கியம் பிடித்துக்கொண்டான்.

ஏற ஒரு கல் வேண்டும். கல்மேல் நின்று, இடது காலைக் கட்டி, ஒரு உந்து. இறங்கவும் கல்லோ கம்பமோ வேண்டும். பழையபடி ஓடுகிற சைக்கிளிலிருந்து காலைத் தூக்கிப் போட்டுக் குதிப்பதெல்லாம் நடக்காது.

இறக்கம் வந்தால் காலை நிறுத்துவது பழக்கம். நிறுத்தினேன். பெடல் காலைத் தூக்கி எறிந்தது. முட்டி சிராய்ப்பு, பேண்ட் கிழிசல். "நீ ஓட்டறயா, அது உன்னய ஓட்டுதாடா?" என்று ஆரோக்கியம் சிரித்தான்.

சாயந்தரம் விழாமல் சுற்றிச் சுற்றி வந்தேன். லாரிக்குப் பிறகு முதல் தடவையாகச் சந்தோஷம். மறக்காமல் இருக்க எழுதிவைக்கிறேன்.

16.11.88, புதன்

மறுபடி தூறல். வீட்டுக்காரி ரோசி சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்.

"ஏனுங்க, ஊர்த்தெருவுல எப்படி எறங்குவீங்க?"

காலனியிலிருந்து ரோட்டுக்கு அந்தத் தெரு ஒன்றுதான் வழி. எங்கள் ஆட்கள் யாரும் அதில் சைக்கிள்மேல் உட்கார்ந்து போகக் கூடாது. தெரு முனையில் இறங்கி, கடைசிவரை தள்ளி, ரோட்டுக்கு வந்துதான் ஏற வேண்டும். கால் நன்றாக இருந்தவரை நானும் தள்ளினேன், மூச்சு விடுவது மாதிரி, யோசிக்காமலே. செயின், மரை, பிரேக் கட்டை எல்லாம் யோசித்த மண்டைக்கு இது தோன்றவில்லை. பாய் ரோட்டுக்காரர், அவருக்குத் தெரியாது. எனக்கு எங்கே போயிற்று புத்தி?

தள்ளிக்கொண்டு நடக்கிற கால் இருந்தால் இந்தச் சைக்கிளே எதற்கு.

ஓடை வழி: முழங்கால் சேறு. ரோசி கூடவந்து தள்ளுகிறேன் என்றாள். ஊர்க்காரர் தோட்டம் காட்டில் கூலிக்குப் போகிறவள், எத்தனை நாளைக்கு? இறங்காமலே போய்விட்டால்? லீவில் வந்த பட்டாளத்துக்காரன் ஒருவன் அப்படிப் போனான். சைக்கிளைத் தூக்கிக் கிணற்றில் போட்டார்கள். அந்த மாதம் முழுக்கக் காலனிப் பெண்கள் யாருக்கும் காட்டு வேலை இல்லை.

18.11.88, வெள்ளி

மூட்டம். பிரேக் கட்டை மாற்றினேன், எதற்கு என்று தெரியாமல்.

மத்தியானம் அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எங்கேயோ போனார். திரும்பி வந்து வாசலில் நின்றபடியே சொன்னார்.

"பெரிய ஊட்டுச் சாமிகிட்டக் கேட்டுட்டு வந்துட்டேன். காலு போனவன், பாவம், போச்சாது, ஏறியே போகட்டும்னு சொல்லீட்டாங்க. பெல்லு மட்டும் அடிக்க வேண்டாமாம்."

"உங்கள ஆருங்கப்பா போயிக் கேக்கச் சொன்னது?" என்று கத்திவிட்டேன்.

"சோறு திங்கோணுமல்ல, கண்ணு."

எத்தனை நேரம் அவரைப் பெரிய வீட்டு வாசலில் நிற்க வைத்தார்களோ. கேட்கவும் பயம். அவர்மேல் கோபமா, என்மேலா, இந்தக் காலின்மேலா, பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

பெல்லை நானே கழற்றினேன். யாரும் கழற்றச் சொல்லவில்லை, அடிக்காதே என்றுதான் சொன்னார்கள்.

21.11.88, திங்கள்

வெயில். மெஷின் கிடைத்துவிட்டது. முதலில் அதை எழுதிவிடுகிறேன். மாஸ்டர் ஒன்றும் சொல்லவில்லை, "உக்காருங்க, ஷிப்மெண்ட் இருக்குது" என்றதோடு சரி. ரோசிக்கு முகத்தில் சிரிப்பு வந்தது. எத்தனை மாதமாயிற்று.

காலையில் ஆரோக்கியமும் நானும் சேர்ந்துதான் கிளம்பினோம். தெரு முனையில் அவன் குதித்து இறங்கினான். நான் போய்க்கொண்டே இருந்தேன். சைக்கிள்மேலிருந்து பார்த்தால் சுவர்களுக்கு அந்தப் பக்கம் தெரிகிறது. எருமை, காய்கிற துணி, பல் விளக்குகிற ஆள். வாசல் தெளித்த அம்மா ஒருத்தி நிமிர்ந்து பார்த்து, "அதாரு?" என்றாள். உள்ளேயிருந்து பதில்: "அந்த நொண்டிப் பையன். சொல்லியிருக்குது."

வேகமாக மிதித்தேன். பெருமையாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். முதுகு கூசியது, அவ்வளவுதான்.

ரோட்டில் மைல்கல்லைப் பிடித்து நின்றேன். ஆரோக்கியம் பண்டலோடு தெரு முழுக்கத் தள்ளிக்கொண்டு வந்து சேர வெகுநேரம் ஆயிற்று. சட்டை நனைந்திருந்தது. என் இடது காலை, அதில் சுற்றியிருந்த பனியன் துணியைப் பார்த்தான்.

"குடுத்து வெச்சவன்டா நீயி. எனக்கும் ஒரு காலு போனா ஏறியே போலாமாட்ட இருக்குது."

கேலியாகத்தான் சொன்னான். நானும் சிரித்தேன். அப்புறம் ராயபுரம் வரை அவனை முந்தாமலே மிதித்தேன்.